கண்ணில் படாத குமிழி

ஓசூரில் குண்டு துளைக்காத கண்ணாடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தேன். கண்ணாடி அடுக்குகளுக்கு இடையில் காற்றுக் குமிழி இருந்தால் ஒதுக்க வேண்டும். ஒருநாள் நான் சரியென்று ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியைப் பக்கத்தில் வேலை பார்த்த பெண் தொட்டுக் காட்டினாள்.

“அண்ணா, இவ்ளோ பெரிய குமிழி இருக்குது, தெரியலீங்களா?”

தெரியவில்லை. கிருஷ்ணகிரிக்குப் போய்க் காட்டினேன். கண் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர்.

“யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா, உங்க கண்ணாடியையும் நானே பாத்துக்கறேன்” என்றாள் அந்தப் பெண், விஷயத்தைச் சொன்னதும்.

ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். எங்கோ ஒரு காவலாளி நான் முன்பே சரியென்று அனுப்பிய கண்ணாடியை நம்பி உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்பு சோறு இறங்க விடவில்லை. சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன். மறுநாளே கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மனைவி வேலைக்குப் போகிறாள். அவள் முகம் எனக்கு நிழலாகத்தான் தெரிகிறது. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.