மோட்டார் சத்தத்தில் ஒரு பல் வைத்தியம்: எரியோடு முதல் பேகம்பூர் வரை

சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் மிரளும் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தப் பயணம் மொத்தமே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

என் மகள் கயலுக்கு ஆறு வயது. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்வாள். கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஒரு மாதமாகத் தயிர்ச்சோற்றில் ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலில் போன ஒரு கிளினிக்கில் மூன்று பேர் பிடித்தும் வாயைத் திறக்கவில்லை. மதுரைக்குப் போய் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி என்று, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனி அறை வைத்திருக்கும் திண்டுக்கல் பேகம்பூர் டாக்டரம்மாவிடம் போனோம். முதல் தடவை அவர் பல்லைத் தொடவே இல்லை. நாற்காலியில் படுக்கவைத்து, அவள் கையைத் தூக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்பதை மட்டும் பழக்கி அனுப்பினார். வைத்தியம் இந்தச் செவ்வாய்க்கிழமை.

எரியோட்டில் காலை எட்டு மணி அரசு டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். பெண்கள் என்பதால் எங்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதோடு, தனியார் பஸ் மாதிரி பாட்டும் கிடையாது. என் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய சலுகை. முக்கால் மணி நேரத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஹாரன் அடிக்காமல் போக முடியுமா என்று கேட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"திண்டுக்கல்லுலயாக்கா? சரி, ஏறுங்க. மெதுவாத்தேன் போவேன், பரவாயில்லையா?"

சொன்னபடியே போனார். வழியில் ஒருவரைக் கைதட்டித்தான் விலகச் சொன்னார்.

கிளினிக்கில் அந்த நாளின் முதல் ஆள் கயல்தான். வேறு பிள்ளைகளின் அழுகை காதில் விழக்கூடாது என்றே அப்படி நேரம் கொடுப்பார்களாம். டியூப் லைட்டை அணைத்து, ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் போட்டிருந்தார்கள். படுத்த பிறகு நாற்காலி அசைந்தால் பிள்ளை பயந்துவிடும் என்று முன்கூட்டியே சாய்த்து வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது போடும் கனமான அங்கியை டாக்டரம்மா அவள் மேல் போர்த்தினார். கம்பளிக்குள் சுருண்ட பூனை மாதிரி அடங்கிப்போனாள். ஆகா, முடிந்தது வேலை என்று நான் மனக்கோட்டை கட்டினேன்.

மென்மையான புல்லாங்குழல் இசையோடு ஹெட்போனை மாட்டினார்கள். பிடுங்கி எறிந்துவிட்டாள். அங்கியும் கீழே போனது. மதுரை என் கண்முன் வந்து நின்றது.

டாக்டரம்மா பதறவில்லை. வீட்டில் எந்தச் சத்தத்தில் தூங்குவாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடும்போது, மோட்டார் ரூம் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போவாள். விசிலுக்குப் பயப்படுகிறவளுக்கு அந்த இரைச்சல் எப்படிப் பிடித்தது என்று எங்களுக்கே தெரியாது. உடனே போன் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் போனை மோட்டார் பக்கத்தில் வைத்துவிட்டார். என் போனில் இணைத்து மறுபடி மாட்டிய ஹெட்போனில் அது உறுமத் தொடங்கியதும் கயலின் தோள் தளர்ந்தது. தானாகவே வாயைத் திறந்தாள். மரத்துப்போக ஊசி போட்டபோது முகம் சுளித்தாள், அவ்வளவுதான். பல்லைக் குடையும் மிஷின் ஓட ஆரம்பித்தது.

பாதி வேலையில் கயல் கையைத் தூக்கினாள். டாக்டரம்மா உடனே நிறுத்தினார்.

"கரண்டு போச்சு," என்றாள் கயல்.

என் வீட்டுக்காரர் குரல் ஹெட்போன் வழியே மெல்லக் கேட்டது. "த்ரீ பேஸ் போயிருச்சுப்பா. செத்த இரு, வந்துரும்."

போய்விட்டது எல்லாம் என்று நினைத்தேன். கயலோ எழவும் இல்லை, அழவும் இல்லை. தோட்டத்து மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்டு போவதும் வருவதும் அவள் தினம் பார்ப்பதுதானே. "வரும்," என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடியே படுத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவளே ஆரம்பிக்கலாம் என்று விரலை ஆட்டினாள். மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. பல்லை அடைத்து முடிக்கும்வரை அது நிற்கவில்லை. நான்தான் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் தடவையே வைத்தியம் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கட்டணம் எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆனது, பல்லைப் பொறுத்து மாறும். பூ, சென்ட் எதுவும் வைக்காமல் வரச் சொல்கிறார்கள், நான் பஸ்ஸிலேயே மல்லிகையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். முக்கியமாக, உங்கள் பிள்ளை எந்தச் சத்தத்தில் நிம்மதியாக இருக்கும் என்று முன்பே யோசித்து வையுங்கள். அது மிக்ஸியாக இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விவசாயிகள் த்ரீ பேஸ் வரும் நேரத்தைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

மதியம் தோட்டத்துக்கு வந்தால் வெங்காயப் பாத்தி ஒன்று குளமாகக் கிடந்தது. மடையை அடுத்த பாத்திக்கு மாற்றிவிட்டிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"மடை மாத்தப் போயி, அந்நேரம் போன் கட்டாயிருச்சுன்னா?" என்றார். பாத்திப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, கயலிடம் பல்லைக் காட்டச் சொன்னார். மோட்டார் சத்தம் கேட்காமலே வாயை அகலத் திறந்து காட்டினாள்.