ஜ வைத்த பார்டர்

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கேசவனுடைய அச்சகத்தில் சுவிசேஷமுத்து என்று ஒரு கம்போசிட்டர் இருந்தார். எல்லாருக்கும் முத்து. முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கி, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை அவருக்கு. தன் சமாச்சாரத்தை மட்டும் யாரிடமும் சொல்லத் தெரியாது. இப்படியும் சில பேரைக் கடவுள் படைத்துவிடுகிறார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. அச்சகத்தில் இருந்த பூ பார்டர்கள் எல்லாம் தேய்ந்து மொண்ணையாகிவிட்டன. புதிது வாங்கச் சொன்னால் கேசவனுக்குக் காது கேட்காது. அதனால் முத்து எழுத்துகளை வைத்தே பார்டர் கட்ட ஆரம்பித்தார். ஆய்த எழுத்தை வரிசையாக வைத்தால் மல்லிகைச் சரம். ப-வை நேராகவும் கவிழ்த்தும் மாற்றி மாற்றி வைத்தால் கோட்டை மதில். ல-வும் தலைகீழ் ல-வும் சேர்ந்தால் அலை. பார்க்கிறவர் கண்ணுக்கு அது எழுத்து என்று தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் அவர் கணக்கில் அன்றைய வேலை தோற்றது. "டிசைன் சோக்கா கீதே, எங்க புட்ச்சே?" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். முத்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அறுபத்தைந்து தை மாதத்தில் ஜெயக்கொடி வேலைக்கு வந்தாள். கார்டு மடிப்பது, புத்தகம் தைப்பது அவள் வேலை. புருஷன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. சேலையூரில் அண்ணன் தனசிங் வீட்டில் இருந்தாள். சம்பாதிக்கிற வரைக்கும் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் தெற்கே நாசரேத்தில் மாமியார் வீட்டுக்கே போய்விட வேண்டியதுதான் என்று அண்ணி கறாராகச் சொல்லியிருந்தாள். அந்த மாமியார் வீட்டில் தாலி அறுத்தவளுக்கு என்ன மரியாதை என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். அதனால் மழையானாலும் வெயிலானாலும் ரயில்வே கேட்டைத் தாண்டி முதல் ஆளாக வந்து நிற்பாள்.

வந்த வாரமே ஒரு கார்டை மடிக்காமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது ப தானே? ஒண்ணு விட்டு ஒண்ணு கவுந்து படுத்திருக்கு."

இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவர் கணக்குப்படி அன்று வேலை தோற்றுவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முத்து சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அதற்கப்புறம் அவர் கட்டிய பார்டர்களில் ஜ வந்து குடியேறிவிட்டது. நேராக ஒரு ஜ, தலைகீழாக ஒரு ஜ, இரண்டின் வளைவும் கொக்கி போட்டுக்கொண்டு கொலுசு மாதிரி ஓடும். பிள்ளையார் போட்ட கார்டானாலும் சிலுவை போட்ட கார்டானாலும் ஓரத்தில் ஜ. பக்கத்தில் தன் பேருக்கு ஒரு சு வைத்துப் பார்க்க ஆசைதான், கை துணியவில்லை. தமிழில் ஜ-வுக்கு அவ்வளவு வேலை கிடையாது, எழுத்துப் பெட்டியில் கொஞ்சம்தான் இருக்கும். முத்து கேசவனிடம் போய் நின்றார்.

"மொதலாளி, ஜ இன்னும் கொஞ்சம் வாங்கணும்."

"ஜ-வா? அத வச்சி இன்னாய்யா பண்ணப் போறே? ராஜா வூட்டுக் கல்யாணமா வருது உனுக்கு?"

முனகிக்கொண்டேதான் வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் அவளுக்குத் தெரிகிறதா என்பதுதான் முத்துவின் தீராத கவலை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அச்சகத்தில் இருந்த அத்தனை ஆண்களையும் வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுகிறவள் இவரை மட்டும் "சார்" என்றாள். தன்னை மட்டும் தள்ளி வைக்கிறாள் என்று அந்த மனுஷன் மனசுக்குள் புழுங்கினார். ஒரு பெண் ஏன் ஒருவனை மட்டும் அண்ணா என்று கூப்பிடாமல் இருக்கிறாள் என்று யோசிக்கத் தெரியாத மக்கு.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவளே கேட்டாள்.

"ஏன் சார், ரெண்டு ஓரத்துலயும் எழுத்து ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குதே? வாசக்கதவு மாதிரி எதிரும் புதிருமா இருந்தா இன்னும் நல்லா இருக்குமில்ல?"

"ஈயத்துல வராது," என்றார் முத்து. எழுத்தைப் பற்றியானால் அவருக்குப் பேச்சு வரும். "தலைகீழா நிக்க வைக்கலாம், படுக்க வைக்கலாம். எப்படித் திருப்பினாலும் ஒண்ணு முகத்தை ஒண்ணு பார்க்காது."

"பாவம்," என்றாள் அவள்.

அறுபத்தேழு ஆவணியில் முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருந்தது. முடிச்சூர் நிலக்காரர் வீட்டுக் கல்யாணக் கார்டு, வழவழப்பான உசத்தி அட்டை. அன்றைக்கு ட்ரெடில் அச்சு மெஷினையும் முத்துதான் ஓட்டினார். இந்த முறையாவது ஜ அவள் கண்ணில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பு மையைக் கொஞ்சம் தூக்கலாகவே விட்டார். கார்டுகள் வந்து விழ விழ, சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஜெயக்கொடி எடுத்து மடித்துக்கொண்டே போனாள். மை காயவே இல்லை.

பிரித்துப் பார்த்தால் இந்தப் பக்கத்து அச்சு அந்தப் பக்கம், அந்தப் பக்கத்து அச்சு இந்தப் பக்கம். மாப்பிள்ளை பேர் மேல் பெண்வீட்டு விலாசம். கேசவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிகீறே? எல்லாம் பேஜாரா பூட்ச்சே! அந்த ஆளு வூடு தேடி வந்து என்னைய ஒதைப்பான். நாளைலேர்ந்து நீ வராதே!"

நாசரேத் ரயில் ஜெயக்கொடியின் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையை எடுக்கக் குனிந்தாள்.

முத்துவின் கையில் அந்தப் பாழான கார்டு ஒன்று இருந்தது. ஓரத்தில், ஈயத்தில் வராது என்று அவர் சொன்னது வந்திருந்தது. அழுத்தமாக ஒரு ஜ, அதற்கு எதிரே, மடிப்பில் ஒட்டி இடம் வலமாகத் திரும்பி, வெளிறிய நிழலாக இன்னொரு ஜ, ஒன்று முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு. அவள் போய்விட்டால் அப்புறம் தான் யாருக்குப் பார்டர் கட்டப்போகிறோம் என்று நினைத்தார். எங்கிருந்துதான் வந்ததோ தைரியம்.

"அவங்க மேல தப்பில்ல மொதலாளி. மையைத் தூக்கலா விட்டது நான்."

"ஏன்யா? இத்தினி வருசமா வுடாத மையை இன்னிக்கு இன்னாத்துக்கு வுட்டே?"

பதில் ஜெயக்கொடியிடமிருந்து வந்தது.

"என் கண்ணுல படட்டும்னுதான்." அவள் முத்துவைப் பார்த்தே சொன்னாள். "மொத கார்டுலயே பட்டுடுச்சு சார். ரெண்டு வருசமா எவ்வளவு கார்டு மடிச்சிருப்பேன், எனக்கா தெரியாது? நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். இங்க எல்லாரையும் அண்ணான்னு கூப்பிடறேனே, உங்களை ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கேனா?"

கேசவன் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார். அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"அடப்பாவி! இதுக்குத்தான் ஜ, ஜ-ன்னு என் உசுர வாங்கினியா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி அட்டை வாங்கி வர அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலையைவிட்டு நிற்கச் சொன்னதை அவர் மறந்துவிட்டார், யாரும் ஞாபகப்படுத்தவில்லை. தனசிங்கிடம் பெண் கேட்டுப் போனவரும் கேசவன்தான். மாப்பிள்ளை கூடவே போய் வாய் திறக்காமல் காராபூந்தி தின்றுவிட்டு வந்தார்.

அவர்கள் கல்யாணக் கார்டை அவர்களே அடித்துக்கொண்டார்கள். பார்டருக்கு முத்து ஜ-வை எடுத்தபோது ஜெயக்கொடி தடுத்தாள். "அது எத்தனை நாளைக்கு ஒண்டியா நிக்கும்? பக்கத்துல சு வைங்க." ஒன்று விட்டு ஒன்று சு, ஜ என்று கட்டினார். வாசகத்தை முதல் நாளே அடித்துக் காயவைத்துவிட்டு, மறுநாள் இடது ஓரத்துக்கு மட்டும் பார்டர் போட்டார். மை தூக்கலாக. வலது ஓரம் வெறுமனே இருந்தது. ஒவ்வொரு கார்டும் விழுந்த சூட்டோடு ஜெயக்கொடி எடுத்து மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பிரித்துக் காயவைத்தாள். "மறுபடியும் பாழ் பண்றாங்கய்யா!" என்று கேசவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சேலையூரில் அண்ணி கார்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "டிசைன் நல்லாத்தான் இருக்கு. இந்த ஓரம் மட்டும் ஏன் வெளுத்துக் கிடக்கு? உங்க ஆளு மை போட மறந்துட்டாரா?"

"அவரு போட்டது அந்தப் பக்கம் அண்ணி," என்றாள் ஜெயக்கொடி. "இந்தப் பக்கம் நான் போட்டது."