ஜோக்கிம் வென்ற ஞாயிறு

தொலைபேசியில் சாவுச் செய்தி வந்தால், ஜோக்கிம் ரிசீவரை இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டுத்தான் வைப்பார். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த நாள் தொட்டு அவருடைய மனைவி றோசமலர் இதைக் கவனித்து வந்திருக்கிறாள். சாவு எந்த வீட்டில் என்று பிறகுதான் கேட்பாள்.

சொந்த ஊரான மன்னாரிலிருந்து எந்தச் செய்தியும் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். காலையில் ஒரு இத்தாலிய டொக்டர் வீட்டில் நிலம் துடைப்பவர், பின்னேரத்தில் பத்திரிகை ஆசிரியர். கையால் எழுதிய நான்கு பக்கத்தைப் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள கடையில் பிரதியெடுத்து, வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்க வரும் நம்மவர்களிடம் கொடுப்பார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தெரியாதவர்களைக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் நல்ல பெயரும் எடுத்திருந்தார். அந்தப் பெயரோடு அங்குள்ள தமிழர் சங்கத்துக்குத் தலைவராகிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றார்.

றோசமலரின் ஆசை வேறு. சண்டைக்குள் காணாமற்போன தம்பி சூசைதாசனைப் பற்றி ஒரு சொல் வர வேண்டும்.

தொண்ணூற்றாறில் அவர் மூன்றாவது முறை நின்றார். தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்தது. அவர் அதிகம் பேசவில்லை. ரிசீவரைத் துடைத்தார்.

"ஆரப்பா?"

"வீட்டுக்காரன். குசினிக் குழாய் பாக்க வாறானாம்."

அதற்கு ஏன் துடைத்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றிருந்தது.

ஞாயிறன்று தேர்தல் நடந்த கோயில் மண்டபத்தில் நீலச் சேலை கட்டி, வந்தவர்களுக்குத் தின்னக் கொடுக்க றோல்ஸ் தட்டோடு நின்றாள்.

"மச்சானுக்குப் பேனை காணாதாம், கதிரையும் வேணுமாம்!" என்றான் வோட்டுப் போட வந்த கிறிகோரி. "அக்கா, ரெண்டு தந்தா என்ரை வோட்டு உங்களுக்குத்தான்."

"மூண்டா எடு. அந்தாள் வெண்டாக் காணும்," என்று அவளும் சிரித்தாள்.

ஜோக்கிம் வென்றார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிய கையோடு அவளை இருத்தினார்.

"சூசைதாசன் இல்லையாம், றோசா. படகு கவிண்டு..."

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. சொன்னா இது செத்தவீடு. செத்தவீட்டுக்காரன் போய் வோட்டுக் கேக்கேலுமே?"

"நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனான்," என்றாள் அவள். "சனம் முழுக்கப் பாக்க நிண்டனான்."

துக்கம் கேட்க வந்த பெண்கள், அவள் இன்னும் மாற்றாத நீலச் சேலையைப் பார்த்தார்கள். அந்த மாதப் பத்திரிகையில் புதிய தலைவரின் படம் முதற்பக்கத்திலும், சூசைதாசனின் மரண அறிவித்தல் கடைசிப் பக்கத்திலும் வந்தன.

இப்போது தொண்ணூற்றெட்டு. ஜோக்கிம்தான் இன்னும் தலைவர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் றோசமலர், அங்கேயே தங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அவருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.