நெருப்புக்குத் தப்பிய மன்றாட்டு

நடந்தவை இவை:

1. எங்கள் பங்குக் கோயிலில், ஒன்பது நாள் நடக்கும் நவநாள் செபத்துக்குச் சனங்கள் எழுதிப் போடும் மன்றாட்டுச் சீட்டுகள் ஒரு பெட்டியில் சேரும். கடைசி நாளில் அவற்றைப் பீடத்தின் முன் சட்டியில் கொட்டி, சாம்பிராணி தூவி, எரித்துவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை.

2. 2006-இல் இளைஞர் குழு கோயிலுக்கு ஓர் இணையதளம் அமைத்தது. பிரான்சில் இருக்கும் எங்கள் சனங்களும் சேர்ந்து செபிக்கட்டும் என்று, எரிப்பதற்கு முன் சீட்டுகளைத் தட்டச்சு செய்து ஏற்றினோம்.

3. யூனிகோடில்தான் ஏற்ற வேண்டும் என்றேன். அப்போதுதான் தேடினால் கிடைக்கும்.

4. உழவர்கரையில் எங்கள் எதிர் வீட்டு அக்காவின் சீட்டும் அதில் போனது. கணவர் பெயர், தெருவின் பெயர், அதன் கீழே: "இவர் திரும்பி வரக் கூடாது. எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே."

5. அவர் திரும்பி வந்தார்.

குடியை விடும் சிகிச்சைக்குப் போயிருந்தவர் வேறு ஆளாக வந்தார். லாஸ்பேட்டையில் கல்லூரி பஸ் ஓட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவை ஸ்கூட்டரில் வைத்துப் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவார். அக்கா அந்தச் சீட்டைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது சாம்பல்.

பிறகு யாரோ சொல்லி, என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, சீட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களாமே? எரிச்சத எப்படி ஏத்துவீங்க?"

"எரிக்கறதுக்கு முன்னாடியே ஏத்திட்டோங்கா."

"ஆண்டவரு படிக்கட்டும்னு எழுதுனேன். அந்த மனுசன் படிக்கவா? படிச்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருக்குச் சோறு போடுவேன்?"

அன்றே அந்தப் பக்கத்தை நீக்கினேன். பிறகு அக்காவின் கணவரான மாமாவின் பெயரையும் தெருவையும் போட்டுத் தேடினேன். முதலில் வந்தது நான் நீக்கிய பக்கம். தேடுபொறி தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்திருந்தது. சில வாரங்களில் அது மறைந்தது. அந்த இடத்தில் இன்னொரு தளம் வந்து நின்றது. தமிழ் செபங்களைத் திரட்டும் தளம், எங்கே இருந்து யார் நடத்துகிறார்களோ தெரியாது. நீக்கச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. எப்போது தேடினாலும் அந்தச் சொற்கள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தன. வீட்டில் நல்லபடியாக நடமாடும் மனிதருக்கு, அங்கே ஒரு சாவு கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது: தகவல் தொலையக் கூடாது, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், கிடைக்கக் கிடைக்க உலகம் நல்லதாகும். விசுவாசப் பிரமாணம் சொல்வதுபோல் அதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞானோபதேச வகுப்பிலோ வேறொன்று சொல்லியிருந்தார்கள்: கடவுள் மன்னித்த பாவத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு கண்ணை உண்டாக்கிவிட்டோம். மன்னித்தாயிற்று, இனிப் பார்க்காதே என்று அதனிடம் சொல்ல வழி வைக்கவில்லை.

மாமா, பிரான்சில் இருக்கும் தம்பியோடு கேமராவில் பேச, பிரவுசிங் சென்டருக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு மாலை எங்கள் கேட்டருகே நின்றார். கையில் மீன் பை.

"என்ன எஞ்சினியர் பாப்பா, பேரத் தட்டுனா ஆளே வருதாமே?"

"சில பேருக்கு வரும் மாமா."

"எம் பேரத் தட்டிப் பார்த்தேன். அதே பேர்ல எத்தினியோ பேரு இருக்கானுங்க." சிரித்தார். "ஒருத்தன் செத்துப் போவணும்னு அவன் பொண்டாட்டியே வேண்டிக்கிட்டிருக்கா. பாவம், என்ன பண்ணானோ."

அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே எங்கள் தெருவின் பெயர் இருந்தது.

"மீனு கெட்டுடும், வரேன்" என்று எதிர் வீட்டுக்குள் போனார். உள்ளே அக்கா எதற்கோ சிரிப்பது கேட்டது.

இப்போதைய நிலை: சீட்டுகளைத் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டோம். மாமா சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் சொன்னதாகத் தெரியவில்லை. நவநாளில் இப்போது அவரும் ஒரு சீட்டுப் போடுகிறார். கடைசி நாளில் மற்றவர்கள் கலைந்த பிறகும், சட்டியில் எல்லாம் எரிந்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். நகல் அந்தத் தளத்தில் இன்னும் இருக்கிறது. இன்று காலையும் தேடினேன், முதலில் வந்தது.