இருபத்திரண்டு பல்

மெரிடன் ஃபிளாட் என்கிற ஊரில் யார் வழுக்கைக்கு எண்ணெய் வரவழைக்கிறார்கள், யாருக்கு வக்கீலிடமிருந்து கடிதம் வருகிறது என்பதெல்லாம் ஒருத்திக்குத் தெரியும். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நொலீன் பிராக். வயசு நாற்பத்தொன்பது. வாயைத் திறக்க மாட்டாள். பார்சலை நீட்டும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். அதிலேயே வாங்குகிறவனுக்கு வேர்த்துவிடும்.

டாஸ்மேனியாவின் அந்த மூலையில் ஈயச் சுரங்கம் மூடிய பிறகு ஜனங்களுக்கு மிச்சமிருந்தது மலையும் சைக்கிளும்தான். அதுவும் ஒரே கியர் வண்டி. ஏறினாலும் அதே கியர், இறங்கினாலும் அதே கியர். கியர் மாற்றுகிற வண்டியில் வருகிறவனுக்கு பப்பில் பீர் கொடுப்பார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் முன்னால் முப்பத்திரண்டு பல், அது எல்லோருக்கும் பொது. பின்னால் எத்தனை பல் என்பதில்தான் ஆளுடைய மானம். பல் குறைவென்றால் மிதிக்க உயிர் போகும், ஆனால் சமதரையில் பறக்கலாம். பல் கூடினால் மேட்டில் சுகம், சமதரையில் தையல் மெஷின் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு எல்லோருடைய முதுகையும் பார்க்கலாம்.

மார்ச் மாதப் போட்டிக்கு முன்னால் பப் வாசலில் வண்டிகளைக் கவிழ்த்து வைப்பார்கள். பப்காரர் பார்னி காதில் செருகிய பென்சிலை எடுத்து, பின் சக்கரத்துப் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, ஊர் கேட்கச் சொல்வார். பதினாறு என்றால் விசில். பதினெட்டு என்றால் கைதட்டல். இருபது என்றால் யாராவது ஓடிப்போய் ஊன்றுகோல் எடுத்து வருவார்கள். இந்தக் கேலிக்குப் பயந்தே ஊரில் முக்கால்வாசிப்பேர் மிதிக்க முடியாத பல்லை மாட்டிக்கொண்டு வந்து, 'வரிக்காரன்' என்கிற மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்.

அந்த மேட்டைக் கால் ஊன்றாமல் ஏறியவர் பெயரை, பல் எண்ணிக்கையோடு, பப் பலகையில் பெயின்ட்டில் எழுதுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலே பெயர். நாலாவது, டிரெவர் ஹாலம், பதினெட்டு. நொலீனின் முன்னாள் புருஷன்.

அவர்கள் பிரிந்ததற்கு ஊர் ஏழு காரணம் சொல்லும். உண்மை சின்னது. டிரெவர் எதிலும் வழிவிட மாட்டான். சமையலறையில் குறுக்கே நிற்பான், பேச்சில் குறுக்கே வருவான், ஓட்டுகிற குவாரி லாரியை எதிரே எவன் வந்தாலும் ஒதுக்க மாட்டான். அவன் பெயரை அந்தப் பலகையில் பார்த்துக்கொண்டு பீர் குடிப்பதுதான் நொலீனுக்குப் பதினொரு வருஷமாக இறங்காமல் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பதினெட்டுப் பல்லோடு போவாள். ஒவ்வொரு வருஷமும் மூன்றாவது வளைவில் ஈரப்பாறையில் நின்றுபோவாள்.

இந்த வருஷம் டாக்டர் சொல்லிவிட்டார்: "ஜூன்ல முட்டிய மாத்திடறோம். அந்த மேட்டையெல்லாம் மறந்துடுங்க."

அன்று சாயங்காலமே இருபத்திரண்டு பல்லுக்கு எழுதிப்போட்டாள். பார்சல் அவள் கவுண்டருக்கே வந்தது. அவளே கையெழுத்துப் போட்டு அவளே வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

போட்டியன்று பார்னி எண்ண ஆரம்பித்தார். "பதினெட்டு... பத்தொம்பது... இரு, தப்பா எண்ணிட்டேன்." மறுபடி எண்ணினார். "இருபத்திரெண்டு! கடவுளே, நொலீன், இது சைக்கிள் சக்கரமா, சாப்பாட்டுத் தட்டா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊன்றுகோல் வந்தது. சக்கர நாற்காலியைத் தேடி ஒருவன் ஓடினான்.

டிரெவர் பதினாறு பல்லோடு நின்றான். வயிறு மட்டும் பதினொரு வருஷத்தில் இரண்டாகியிருந்தது. "ஏய் நொலீன், போற வழியில துணி தைச்சுக் குடுப்பியா?"

"உன் சைஸுக்குத் துணி கிடைக்கல டிரெவர்" என்றாள்.

சமதரையில் அவர்கள் சிரித்தது நியாயம்தான். பேக்கரிக்காரி தாண்டினாள். பிள்ளை பெற்று நாலு மாதமான டீச்சர் தாண்டினாள். நொலீன் காலைச் சுழற்றிக்கொண்டே கடைசி ஆளாக மேட்டடிக்கு வந்தாள்.

மேட்டில் கதை மாறியது. பதினாறும் பதினெட்டும் முதல் வளைவிலேயே இறங்கி நடந்தன. நொலீன் வேகத்தை விடவில்லை. ஒரே கியரில் வேகம் போனால் வண்டி நின்றுவிடும், நின்றால் காலை ஊன்ற வேண்டியதுதான். எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சறுக்கியது, உட்கார்ந்தால் முட்டி கத்தியது. எழுந்தும் எழாமலும் மிதித்தாள். "வழி! வழி!" நடந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள்.

மூன்றாவது வளைவு. ஈரப்பாறை. சக்கரம் போகிற ஒற்றைத் தடத்தில், வண்டியைத் தள்ளிக்கொண்டு டிரெவரின் முதுகு. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் ஆள் உயர முள்புதர்.

"வழி விடு டிரெவர்!"

திரும்பிப் பார்த்தான். அந்த முகம் அவளுக்குத் தெரியும். சமையலறையில் பார்த்த முகம். போச்சு என்று நினைத்தாள். கால் மிதியிலிருந்து கழலப் பார்த்தது.

டிரெவர் வண்டியோடு முள்புதரில் விழுந்தான். சறுக்கவில்லை, தானாகத்தான் விழுந்தான். உள்ளேயிருந்து அலறினான்: "போடீ! மிதி! நின்னுடாத! ஐயோ, என் பின்பக்கம்!"

சிரிப்பு வந்து மூச்சுத் தப்பியது. ஆனாலும் சக்கரம் பாறையைக் கவ்வியது. யார் கால் ஊன்றாமல் வருகிறார்கள் என்று பார்க்க உச்சியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெவ், மேய்கிற ஆட்டை வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு மணியை அடித்தாள்.

பலகையில் ஐந்தாவது பெயர் ஏறியது. "பல்ல சின்னதா எழுதட்டுமா?" என்று பார்னி இரக்கத்தோடு கேட்டார்.

"பேர சின்னதா எழுதுங்க. பல்ல பெருசா எழுதுங்க" என்றாள்.

ஏப்ரலில் தபால் ஆபீஸுக்குச் சின்னச் சின்னப் பார்சல்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் நொலீன் எழுதிப்போட்ட அதே கடை, அதே கனம். பார்னிக்கு ஒன்று. பேக்கரிக்காரிக்கு ஒன்று. பதினொன்றாவதை வாங்க டிரெவர் வந்தான்.

"என்ன இது, கனமா இருக்கு?" என்று நொலீன் கேட்டாள்.

"பிஸ்கட்டு."

"எத்தனை பிஸ்கட்டு?"

அவள் புருவத்தைத் தூக்கினாள். அவனுக்கு வேர்த்தது. வெளியே போகும்போது பால்காரருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அதை நொலீன் பார்த்தாள்.

ஜூனில் முட்டி மாற்றினார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர், ஆறு மாதம் கழித்து மெதுவாக சைக்கிள் மிதிப்பது முட்டிக்கு நல்லது என்றார். மறக்கச் சொன்னதை அவரே மறந்துவிட்டார். நொலீன் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, இருபத்திநாலு பல் செய்கிறார்களா என்று விசாரித்து ஒரு கடிதம் எழுதினாள்.