ஆஸ்பத்திரிக்குப் போகும் தலை

எங்கள் முடி அலங்காரக் கடையில் முதல் நாற்காலி வெர்னெலுடையது, அடுத்தது என்னுடையது. மேற்கு பால்டிமோர் கறுப்புப் பெண்களில் பாதிப் பேர் அவள் கையில் தலையைக் கொடுத்தவர்கள்தான். வாய் ஓயாது அவளுக்கு. மகள் டானிட்டாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அந்த வாயும் அடங்கிவிட்டது.

டானிட்டாவின் சுருட்டை முடிக்கு, நேராக்கும் க்ரீமை முதலில் போட்டவள் வெர்னெல்தான். ஈஸ்டருக்காக. அப்போது குழந்தைக்கு ஆறு வயது. எரியுது என்று அழுதது. "கொஞ்சம் பொறுத்துக்கடி, சர்ச்ல எல்லாரும் உன்னையேதான் பாப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகும் அவளேதான் போட்டுவந்தாள். அந்த க்ரீமால் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்று டிவியில் சொன்னதிலிருந்து ஒரே கேள்வி அவளை அரித்தது. என் கைதானா?

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் இமானி வந்தாள். பல்கலைக்கழகத்து ஆள், ஆனாலும் கறுப்புப் பெண், எங்கள் ஆள். க்ரீமிலும் எண்ணெயிலும் இருக்கிற ரசாயனம் பெண்களின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார்களாம். என்ன கேட்பது, யாரைச் சேர்ப்பது என்பதையெல்லாம் கடைக்காரிகளே முடிவு செய்யலாம் என்றாள். வழக்கம்போல் க்ரீமும் எண்ணெயும் போடும்போது ஒருமுறை சிறுநீர் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் தலையில் எதுவும் படாமல் இருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னொரு முறை.

"எதுவுமேவா?"

"தண்ணி மட்டும்."

"என் புருஷன் பயந்து ஓடிடுவானே!" என்றாள் ஒருத்தி. கடையே சிரித்தது, வெர்னெலைத் தவிர. வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஆள் சேர்த்தவள் அவள்தான்.

பெண்களும் சொன்னபடி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நாளைத் தள்ளினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொருத்தியாகக் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"ரெண்டு வாரம்தான் முடிஞ்சுபோச்சே. இந்தத் தலையோட அங்க போனா, வலின்னு சொன்னாக்கூட போதை மருந்து கேட்டு வந்தவன்னு நெனைப்பாங்க, வெர்னெல்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் அம்மா பிரசவ வலியோடு தலையைச் சரிசெய்துகொண்டு போனவள். வெர்னெலின் கை தானாக எண்ணெயை எடுத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாத் தலையும் மினுமினுத்தது. இமானியின் முகம் செத்துப்போயிற்று.

"யாரு பண்ணிவிட்டது?"

"நான்தான். எப்படி இருக்கு?" என்றாள் வெர்னெல், பெருமையாக.

சொல்லும்போது இமானிக்கே அழுகை வந்துவிட்டது. இந்தச் சிறுநீரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. திரும்பச் செய்யப் பல்கலைக்கழகத்தில் சம்மதிக்க மாட்டார்கள்.

"அப்ப என் கையா, இல்லையா? அத மட்டும் சொல்லிடு தாயி."

"சரியா நடந்திருந்தாலும் டானிட்டாவப் பத்தி அப்படிச் சொல்லியிருக்க முடியாதுக்கா."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அல்லது சொல்லி, வெர்னெல் காதில் விழாமல் போயிருக்கலாம்.

டானிட்டாவுக்கு நோய் பரவிவிட்டது. இன்னொரு தடவை அறுத்துப் பார்க்கலாம், நம்பிக்கை தர முடியாது என்றார்கள். அதற்கு முந்தின நாள் டானிட்டா முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"க்ரீம் போட்டு விடும்மா."

"வேணாம்டி. உன் கால்ல விழறேன்."

"போன தடவ ஆபரேஷனுக்குத் துணி கட்டிக்கிட்டுப் போனேன். வலியில துடிச்சேன், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நாளைக்காவது என்னை மனுஷியா பாக்கட்டும்."

எனக்கு அந்த ஆஸ்பத்திரியைக் கொளுத்தலாம் போல் ஆத்திரம் வந்தது. வெர்னெல் சீப்பை எடுத்து முடியை வகிடு பிரித்தாள். கையுறையை மாட்டினாள். டப்பாவைத் திறந்தாள்.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"பொறுத்துக்கடி" என்றாள்.