கை வைக்காதே என்றார்கள்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். கோர்வையாக எழுத வராது. வருசமும் சரியாக நினைவில்லை, தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். முதலில் ஞாபகம் வருவது ஆபரேட்டர் சாரின் இடது கைக் கட்டைவிரல்தான். வலது கையால் சோறு பிசைவார். இடது கட்டைவிரல் மேசை விளிம்பை அழுத்தியபடியே இருக்கும்.

பல்லடம் ரோட்டில், ஆளில்லாத சின்ன விமானம் செய்து பறக்கவிட்டுப் பார்த்த ஒரு கம்பெனியில் நான் சமையல் வேலை பார்த்தேன். அது தானே யோசித்து வழி பார்த்துப் போகும், தானே இறங்கும். சார் கீழே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோளாறு என்றால் பட்டனை அழுத்தி அதைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். "அதுவே ஓட்டிக்குமுன்னா நீங்க எதுக்குங்க சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "திட்டு வாங்க ஒரு ஆளு வேணுமில்லீங்க்கா?" என்று சிரித்தார்.

இரண்டு தடவை அவர் அழுத்தினார். இரண்டு தடவையும் மேனேஜர் சாப்பாட்டு அறையிலேயே பிடித்துக்கொண்டார். "அது சரியாத்தானுங்க போயிட்டிருந்துச்சு. பயந்தாங்கொள்ளியாட்ட எதுக்குங்க கைய வெக்கறீங்க? அது பாட்டுக்கு உடுங்க." அதற்குப் பிறகு சாருக்குச் சோறு இறங்கவில்லை. "எது கோளாறு, எது எம் பயம்னே தெரியமாட்டீங்குதுக்கா" என்றார்.

மூன்றாவது தடவை அது பருத்திக்காட்டுப் பக்கம் தாழ்ந்தபோது, தானே ஏறிவிடும் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கே பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள் என் தங்கச்சி. அது ஏறாமல் அவள் மேலேயே வந்து விழுந்தது; விசிறி பட்டு வலது கை முழங்கையோடு போயிற்று.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மேனேஜர், "பொட்டி அவரு கையிலதானுங்க இருந்துச்சு" என்றார். சார் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கச்சியின் கட்டிலோரம் நின்று, "நான் அழுத்தியிருக்கோணுங்க" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் வேலையை விட்டுப் போய்விட்டார். சத்தியமங்கலம் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள்.

இப்போது கல்யாண மண்டபங்களில் அது மாதிரி ஒன்று தலைக்கு மேல் பறந்து படம் எடுக்கிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தங்கச்சி பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய்விடுகிறாள். வீட்டுக்கு வந்தும் சாரைத்தான் திட்டுகிறாள். "தொடாதீங்கன்னு மேனேஜர் சொன்னத எங்காதுல கேட்டன் கண்ணு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பொட்டிய மேனேஜரா புடிச்சிருந்தாரு?" என்று என் வாயை அடைத்துவிடுகிறாள். விசாரணைக்காரர்களிடமும் சொன்னேன். சமையல்காரி பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, தங்கச்சியிடம் வந்து சொல்லுங்கள்.